சுழலும் பனோரமா கேமரா: அது ஓடும் விதமும் பழுது பார்க்கும் விதமும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் போய் நின்றால், யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பார். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், கடல் என்று எல்லாம் ஒரே நீளப் படத்தில் வந்து விழும். வேகமாகத் திரும்பினால் 'மெதுவாக' என்று கைப்பேசி கெஞ்சும். குறுக்கே ஓடிய பிள்ளை படத்தில் பாதி உடம்போடு இருப்பான். கைப்பேசி படத்தைக் கீற்றுக் கீற்றாக வாங்கி ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

இந்த வேலையை 120 ஆண்டுகளுக்கு முன்பே பித்தளைப் பற்சக்கரங்களும் சாவி கொடுத்த ஸ்பிரிங்கும் செய்துவிட்டன. அந்தக் கேமராக்களில் பேர் பெற்றது சிர்க்குட். வில்லியம் ஜான்ஸ்டன் என்பவர் 1904-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. ராச்செஸ்டர் நகரில் தயாராகி, பிறகு ஈஸ்ட்மன் கோடாக்கின் கைக்குப் போய், 1940-கள் வரை விற்பனையில் இருந்தது. 5, 6, 8, 10, 16 என்று எண் போட்டு விற்றார்கள். எண் என்பது ஏறக்குறைய அதில் போடக்கூடிய ஃபிலிமின் அகலம், அங்குலத்தில். பள்ளிக்கூடம், பட்டாளம், மாநாடு என்று நூற்றுக்கணக்கானோர் வரிசையாக நிற்கும் நீளமான பழைய குழுப்படங்களில் பல இந்த வகைக் கேமராவில் எடுத்தவை.

இப்படி ஒன்று கைக்கு வந்தால் முதலில் திருப்புளியைத் தேட வேண்டாம். இது எப்படி ஓடுகிறது என்பதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டால், பாதிப் பழுது எங்கே இருக்கிறது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பனோரமா கேமரா என்ற பெயரில் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்றில் கேமரா அசையாது, வளைவாகப் பொருத்திய ஃபிலிமும் அசையாது, லென்ஸ் மட்டும் திரும்பும். 1899-ல் வந்த கோடாக் பனோரம், பின்னாளில் ஜப்பானின் வைட்லக்ஸ், ரஷ்யாவின் ஹொரைசான் எல்லாம் இந்த வகை. லென்ஸ் திரும்புகிற அளவுக்குத்தான் படம் என்பதால் இவற்றில் முழு வட்டம் வராது. வைட்லக்ஸில் கிடைப்பது சுமார் 140 டிகிரி. இரண்டாவது சாதியில் கேமராவே ஸ்டாண்டின் மேல் சுற்றும், உள்ளே ஃபிலிமும் ஓடும். முழு 360 டிகிரியும், வேண்டுமானால் அதற்கு மேலும் எடுக்கலாம். இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றித்தான்.

சாதாரணக் கேமராவில் கேமரா அசையக் கூடாது, ஃபிலிம் அசையக் கூடாது, ஷட்டர் கண நேரம் திறந்து மூட வேண்டும். இதில் மூன்றுமே தலைகீழ். ஃபிலிமுக்கு முன்னால் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பிளவு இருக்கும். ஓட்டம் முடியும் வரை அந்தப் பிளவு வழியாக வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கும். கேமரா சுற்றும்போது லென்ஸ் தரும் பிம்பம் பின்புறத்தில் ஒரு பக்கமாக நகரும். ஃபிலிமும் அதே திசையில், அதே வேகத்தில் நகர்ந்தால் பிம்பம் ஃபிலிமின் மேல் நிலையாக உட்காரும். ரயில் நகரத் தொடங்கிய பிறகும் ஜன்னலோரம் இருப்பவரோடு பேச வேண்டுமானால் பிளாட்பாரத்தில் அதே வேகத்தில் கூடவே நடக்க வேண்டும் அல்லவா, முந்தினாலும் பிந்தினாலும் முகம் நழுவிவிடும், அதுதான் இங்கேயும்.

இதற்காக இரண்டு மோட்டார்கள் வைக்கவில்லை. ஒரே ஸ்பிரிங் மோட்டார்தான். அது ஒரு பக்கம் ஃபிலிம் உருளையை இழுக்கிறது. இன்னொரு பக்கம் ஒரு சின்ன கியரைச் சுற்றுகிறது. அந்தச் சின்ன கியர் ஸ்டாண்டின் தலையில் அசையாமல் இருக்கும் பெரிய வட்டப் பற்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு கேமராவையே நகர்த்துகிறது. ஆக, கேமரா இவ்வளவு திரும்பினால் ஃபிலிம் இவ்வளவு ஓடும் என்கிற விகிதத்தைப் பற்களின் எண்ணிக்கை முடிவு செய்கிறது. அந்த விகிதம் வேறு, மோட்டாரின் வேகம் வேறு. புதிதாக இதில் கைவைப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். மோட்டார் நடுவில் கொஞ்சம் சோர்ந்தால் கேமராவும் ஃபிலிமும் சேர்ந்தே சோரும், ஆகவே படம் தெளிவாகவே இருக்கும். ஆனால் அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் கூடுதலாக விழும். விகிதம் தவறினால் வெளிச்சம் சரியாகவே இருக்கும், படம் கலங்கும்.

விகிதக் கணக்கு கடினமானதில்லை. முழு வட்டத்துக்கு ஓட வேண்டிய ஃபிலிமின் நீளம், லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தைப் போல 6.28 மடங்கு. 10 எண் சிர்க்குட்டோடு வரும் டர்னர்-ரைக் லென்ஸின் குவியத்தொலைவு (தூரக் காட்சிக்கு ஃபோகஸ் செய்யும்போது லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம்) 10½ அங்குலம், அதாவது 267 மி.மீ. அப்படியானால் முழு வட்டத்துக்கு 168 செ.மீ. ஃபிலிம் ஓட வேண்டும். கால் வட்டத்துக்கு 42 செ.மீ. இந்த லென்ஸின் முன்பாகத்தையோ பின்பாகத்தையோ கழற்றினால் 18 அங்குலம், 24 அங்குலம் என்று குவியத்தொலைவு மாறும். 24 அங்குலத்துக்கு ஒரு வட்டம் எடுக்க 3.8 மீட்டர் ஃபிலிம் வேண்டும், வேட்டி நீளம்!

இதோடு முடிந்தால் ஒரு லென்ஸுக்கு ஒரு கியர் போதும். ஆனால் பெட்டியில் அந்தச் சின்ன கியர்கள் ஒரு கொத்தாக இருக்கும். காரணம், பக்கத்தில் இருக்கும் ஆட்களுக்கு ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் கொஞ்சம் முன்னே வருகிறது. 15 மீட்டரில் இருக்கும் குழுவுக்கு 267 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 272 மி.மீ. தூரத்தில் நிற்கும். வித்தியாசம் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதைச் சரிக்கட்ட 50 பல் கியரை எடுத்துவிட்டு 49 பல் கியரைப் போட்டால் போதும், ஒரு பல்லில் 2 சதவீதம் மாறிவிடும். ஆள் கிட்டே வரவர பல் குறைந்த கியர். இந்தக் கியர் கொத்து தொலைந்த கேமராவை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த மலிவை நன்றாக யோசித்துப் பாருங்கள்.

படத்தைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிப்பது

செங்குத்துக் கோடுகள் மங்கி, படுக்கைக் கோடுகள் கூர்மையாக இருந்தால் விகிதம் தப்பு. மின்கம்பம் தடித்துக் கலங்கித் தெரியும், அதன் மேல் போகும் கம்பி மட்டும் தெளிவாக இருக்கும். இரண்டும் மங்கலாக இருந்தால் ஃபோகஸ் தப்பு. இந்த ஒரு சோதனையே வீணாகக் கியரைக் கழற்றுவதிலிருந்து காப்பாற்றும்.

படத்தின் நீளத்தோடு ஒரு கோடு விடாமல் ஓடினால் பிளவின் விளிம்பில் தூசி. சாதாரணக் கேமராவில் தூசி ஒரு புள்ளியாக விழும். இங்கே பிளவு நிற்கிறது, ஃபிலிம் ஓடுகிறது, அதனால் ஒரே ஒரு துரும்பு ஐந்தடி நீளத்துக்குக் கோடு கிழிக்கும். மென்மையான தூரிகை, இல்லையென்றால் கூராகச் சீவிய மூங்கில் குச்சி போதும். பிளவின் பக்கம் எந்த உலோகத்தையும் கொண்டுபோக வேண்டாம்.

பட்டை விழுவதுதான் பெரிய தலைவலி. மேலிருந்து கீழாக வெளுப்பும் கறுப்புமாக வரிவரியாகத் தெரியும். மேலே சொன்ன வேகக் குறை இது. கேமரா சோர்ந்த இடத்தில் நெகட்டிவ் கறுத்து, பிரின்ட் வெளுக்கும். எல்லாப் பட்டையும் ஒரே காரணத்தால் வருவதில்லை, ஆனால் பட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். ஓர் உதாரணம்: ஃபிலிமை இழுக்கும் உருளையின் விட்டம் 50 மி.மீ. என்றால் சுற்றளவு 157 மி.மீ. பட்டை 157 மி.மீ.க்கு ஒன்று வந்தால் உருளை கோணலாகியிருக்கிறது, அல்லது அதன் அச்சில் ஏதோ இடிக்கிறது. அதே அச்சில் 60 பல் கியர் இருந்து, 2.6 மி.மீ.க்கு ஒரு மெல்லிய வரி விழுந்தால், ஒவ்வொரு பல்லும் கடிக்கும்போது அதிர்கிறது என்று பொருள். இடைவெளி எதிலும் அடங்காமல் இஷ்டத்துக்கு வந்தால் காற்றையும் ஸ்டாண்டையும் சந்தேகப்படுங்கள். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் பிற்பகலில் அடிக்கிற காற்றில் இவ்வளவு பெரிய பெட்டி பாய்மரம்போல வாங்கிக்கொள்ளும். அங்கே இன்னொரு எதிரியும் இருக்கிறது, மணல். பெரிய வட்டப் பற்சக்கரத்தில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் சுற்றும்போது அந்த இடத்தில் ஒரு துள்ளல், படத்தில் அதே இடத்தில் ஒரு வரி. கடற்கரையில் எடுப்பதானால் ஸ்டாண்டின் தலையைத் துணி போட்டு மூடி எடுத்துப் போங்கள். பல் தூரிகையால் துடைத்த பிறகே கேமராவை ஏற்றுங்கள்.

படத்தின் தொடக்கத்தில் மட்டும் அகலமான பட்டை என்றால் அது பழுதே இல்லை. மோட்டார் முழு வேகத்துக்கு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஆட்கள் இருக்கும் இடத்துக்கு முன்பே ஓட்டத்தைத் தொடங்கிவிட்டால் போயிற்று.

வெளிச்சம் கசிந்து வரும் கறுப்பையும் பட்டை என்று நினைத்துவிடுவதுண்டு. பட்டை படத்துக்குள்ளேயே நிற்கும். ஃபிலிம் பெட்டியில் கசிவு இருந்தால் கறுப்பு ஃபிலிமின் விளிம்பு வரைக்கும் போகும். துருத்தியில் (லென்ஸுக்கும் பெட்டிக்கும் இடையே மடிப்பு மடிப்பாக நீளும் உறையில்) ஊசி ஓட்டை இருந்தால் கதை வேறு: ஃபிலிம் ஓடாமல் காத்திருந்த இடத்தில் பிளவின் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, ஓடும்போது முழுப் படத்திலும் லேசான மூட்டம்.

உள்ளே கை வைப்பதற்கு முன்

முதலில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இறக்குங்கள். மோட்டாரை ஓடி நிற்க விட்டாலும் கொஞ்சம் இறுக்கம் உள்ளே மிச்சமிருக்கும். சாவியை நன்றாகப் பிடித்துக்கொண்டு, திரும்பவிடாமல் தடுக்கும் கொக்கியை விலக்கி, கைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர விட வேண்டும். இறுக்கத்தோடு கியரைக் கழற்றினால் பல் உடையும், விரலும் தப்பாது. தைரியம் இல்லையென்றால் சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரங்களைப் பழுது பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் போங்கள். கேமரா என்று சொன்னால் எனக்குத் தெரியாது என்பார். பின்மூடியைக் கழற்றி மோட்டாரை மட்டும் காட்டினால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். புகைப்படக் கடையைவிட இவரிடம்தான் இந்த வேலை தெரிந்த கை இருக்கும் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். ஸ்க்ரூ வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி மட்டும். நழுவுகிற திருப்புளி பித்தளையில் போடும் கீறல் என்றைக்கும் போகாது.

பெரும்பாலும் மோட்டாருக்கு உண்மையில் நோய் எதுவும் இருக்காது. நூறு வருடத்துக் கிரீஸ் பிசினாகி இறுகியிருக்கும், அவ்வளவே. கியர்களை வெள்ளைப் பெட்ரோலில் கழுவி, மரக்குச்சியால் பல் இடுக்கைச் சுரண்டி, உலர விடுங்கள். திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில். எண்ணெய் போடும்போது கை தாராளமாக இருக்கக் கூடாது. அச்சு உட்காரும் துளைகளில் ஊசி முனையால் ஒரு பொட்டுக் கடிகார எண்ணெய். பற்களில் எதுவும் வேண்டாம், எண்ணெய் பட்ட பல் தூசியைத் தின்று அரைத்துவிடும். தேங்காய் எண்ணெய் என்ற பேச்சே வேண்டாம், அது இறுகி மறுபடி பிசினாகும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் சில மாடலில் சின்ன விசிறி, சிலவற்றில் சுழலும் எடைகள். அதை வளைக்காமல் தூசி மட்டும் தட்டுங்கள்.

பல் உடைந்த கியர் என்றால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இப்போதைய கியர்கள் மாட்யூல் (பல் ஒன்றுக்கு இத்தனை மி.மீ. விட்டம்) கணக்கில் வெட்டப்படுபவை. பழைய அமெரிக்கக் கியர்கள் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு இத்தனை பல் என்கிற டி.பி. (டயமெட்ரல் பிட்ச்) கணக்கு. பற்களின் எண்ணிக்கையோடு 2-ஐக் கூட்டி, வெளிவிட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் டி.பி. கிடைக்கும். 30 பல், ஓர் அங்குல விட்டம் என்றால் 32 டி.பி. இதற்கு மிக நெருக்கமான மாட்யூல் 0.8. அதை டி.பி. ஆக்கினால் 31.75. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், மாட்டினால் சுற்றவும் சுற்றும், ஆனால் ஒவ்வொரு பல்லிலும் ஒரு சின்ன உரசல். வேறொரு இயந்திரத்துக்கு அது போதும். இதற்குப் போதாது, அத்தனை உரசலும் படத்தில் வரியாக வந்து நிற்கும். 'டி.பி. கட்டர் இருக்கிறதா' என்று கேட்டுவிட்டே வேலையைக் கொடுங்கள்.

துருத்தியைச் சோதிக்க இருட்டறையில் உள்ளே ஒரு விளக்கை வைத்துப் பார்த்தால் ஓட்டை நட்சத்திரமாக மின்னும். பெரும்பாலும் மடிப்பு மூலைகளில்தான். மெல்லிய கறுப்புத் துணித் துண்டை நெகிழும் பசையால் ஒட்டினால் பல வருடம் தாங்கும். தடித்த துணி ஒட்டினால் துருத்தி முழுசாக மடங்காது, பெட்டியும் மூடாது. மரத்தையும் பித்தளையையும் பளபளப்பாக்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். பாலிஷ் தூள் பற்களுக்குள் போனால் மணல் செய்யும் வேலையையே செய்யும்.

நம் ஊரில் இந்தக் கேமராவுக்கு வயதைவிடப் பெரிய எதிரி உப்புக்காற்று. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பே பூஞ்சை பிடிக்கிறது, லென்ஸ் எம்மாத்திரம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நெடுநாள் நின்றால் கண்ணாடியில் பூஞ்சை நூல் விடும். லென்ஸைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானதும் சுமார் 120 டிகிரியில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். பழைய தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதற்குள் பூட்டி வைக்காதீர்கள். மின்சாரத்தில் ஓடும் உலர் பெட்டி வாங்கியிருந்தாலும் சிலிக்கா ஜெல்லை விட்டுவிட வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்த பிறகு கடலூர்ப் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்பது இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

கேமராவோடு பழைய நெகட்டிவ் சுருள்கள் வந்தால் குப்பைக்கு அனுப்பாதீர்கள். 1950-க்கு முந்தைய ஃபிலிமில் ஒரு பகுதி நைட்ரேட், எளிதில் தீப்பற்றும். மஞ்சளாகிப் பிசுபிசுத்து நெடி அடித்தால் வீட்டுக்குள் வைக்காமல், விவரம் தெரிந்தவர்களிடம் உடனே காட்டுங்கள். நல்ல நிலையில் இருப்பவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் விசாரிக்கலாம். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து மின்வடிவில் பாதுகாக்கும் வேலை அங்கே நடந்திருக்கிறது.

ஓட்டிப் பார்ப்பது

ஃபிலிம் போடுவதற்கு முன் காகிதத்தில் சோதியுங்கள். ஃபிலிம் அகலத்துக்கு வெட்டிய நீளக் காகிதத்தை உருளையில் மாட்டி, கேமராவைச் சரியாகக் கால் வட்டம் சுற்ற விட்டு, ஓடிய நீளத்தை அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். 267 மி.மீ. லென்ஸ், தூரக் காட்சி என்றால் 42 செ.மீ. வர வேண்டும். வேகம் சீராக இருக்கிறதா என்று பார்க்கக் கைப்பேசியின் ஸ்லோமோஷன் போதும். இன்னும் எளிய வழி, மோட்டார் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து கேட்பது. சுருதி ஏறி இறங்கினால் பட்டை நிச்சயம். இழுக்கும் உருளையிலேயே ஃபிலிம் சுற்றிக்கொள்கிற வடிவமாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 0.2 மி.மீ. தடிமனுள்ள ஃபிலிம் ஒரு சுற்றுச் சுற்றினால் 50 மி.மீ. உருளை 50.4 ஆகிவிடும். விகிதம் கிட்டத்தட்ட 1 சதவீதம் நகர்ந்துவிட்டது. ஆகவே தடித்த காகிதத்தில் அளந்த கணக்கு மெல்லிய ஃபிலிமுக்கு அப்படியே பொருந்தாது.

வெளிச்ச நேரம், பிளவின் அகலத்தை ஃபிலிமின் வேகத்தால் வகுத்தால் வரும். 6 மி.மீ. பிளவு, நொடிக்கு 72 மி.மீ. ஓட்டம் என்றால் 1/12 நொடி. இந்தக் கேமராக்களுக்கென்று தயாரித்த ஃபிலிம் இப்போது கடைகளில் இல்லை. வைத்திருப்பவர்கள் விமானத்திலிருந்து படமெடுக்கும் 9½ அங்குலச் சுருளை வாங்கி வெட்டிக்கொள்கிறார்கள், அல்லது 120 எண் ரோல் ஃபிலிமுக்கு ஏற்ற தண்டு செய்து மாட்டுகிறார்கள்.

முதல் ஃபிலிமுக்குக் கடலைவிட நல்ல சோதனைக் களம் கிடையாது. ஸ்டாண்டு மட்டத்தில் இல்லையென்றால் சுற்றும் கேமராவில் அடிவானம் சாய்வதில்லை, அலை வடிவில் வளைந்து நெளியும். கட்டடங்களுக்கு நடுவே எடுத்தால் இந்தக் குற்றம் மறைந்துவிடும், கடலோரத்தில் உடனே அம்பலமாகும். அதே படத்தில் நேரான கடற்கரைச் சாலை நடுவில் புடைத்து இரு பக்கமும் ஒடுங்கித் தெரிந்தால் பதற வேண்டாம், அது பழுதில்லை. வட்டமாகப் பார்த்ததைத் தட்டையாக விரித்தால் அப்படித்தான் வரும். குழுப்படம் நேர் வரிசையாகத் தெரிய வேண்டுமென்றால் ஆட்களைக் கேமராவைச் சுற்றி வில்போல நிற்க வைக்க வேண்டும். அந்தக் காலத்துக் குறும்புக்கார மாணவர்கள் கேமரா திரும்பி முடிவதற்குள் பின்பக்கமாக ஓடி, ஒரே படத்தில் இரு கோடியிலும் நின்றதும் இந்த வில் வரிசையில்தான்.

கழுவி எடுத்த நெகட்டிவ்வின் ஓரத்தில் போட்ட கியரின் பல் எண்ணிக்கை, லென்ஸ், ஆட்கள் நின்ற தூரம், அன்றைய காற்று எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை வரி விழும்போது ஸ்கேலை எடுத்து இதோடு வைத்து அளந்தால், எந்தக் கியரைக் கழற்ற வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.